புனிதத் தீவுக்கு எத்தனை மணிக்குக் காரை எடுப்பது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். மே மாதக் கடைசி பேங்க் ஹாலிடேயை ஒட்டி, சனி முதல் திங்கள் வரை நார்தம்பர்லாந்து போக ஆசை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 68 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு மூட்டுவலி, அரை மைலுக்கு மேல் முடியாது. புனிதத் தீவு எனப்படும் லிண்டிஸ்ஃபார்ன், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர், பஃபின் பறவைகள் மூன்றையும் பார்க்க வேண்டும். தீவுக்குப் போகும் சாலையைக் கடல் மூடிவிடும் என்கிறார்கள். பயப்படாமல் காரில் போகலாமா? எதை முதலில் புக் செய்வது?

பதில்: எதையும் புக் செய்வதற்கு முன் ஓர் அட்டவணையைப் பாருங்கள். லிண்டிஸ்ஃபார்ன் சாலையை எப்போது பாதுகாப்பாகக் கடக்கலாம் என்று நார்தம்பர்லாந்து கவுன்டி கவுன்சில் நாள்வாரியாகத் தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. மூன்று நாளில் தீவுக்கு எந்த நாள் என்பதை அதுதான் முடிவு செய்யும். சுவரும் பறவையும் மற்ற நாட்களில் உட்கார்ந்துகொள்ளும்.

பீல் என்ற சிற்றூர்ப் பக்கத்திலிருந்து தீவுக்குச் சுமார் 3 மைல் நீளத்தில் ஒரு தார்ச்சாலை. 1954-ல் போட்டது. ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி அதை மூடும், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன வாரம் போய்வந்த நண்பர் சொல்லும் நேரம் உங்களுக்கு உதவாது.

வீட்டில் தினசரி காலண்டர் இருந்தால் ஒரு குத்துமதிப்பான கணக்குப் போடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் உயர் ஓதம் (கடல் உச்சத்துக்கு ஏறும் நேரம்) பிற்பகலில் விழும். காலையில் போனால் மதியத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மாலை வரை தீவிலேயே இருக்க வேண்டும். அஷ்டமியை ஒட்டி உயர் ஓதம் காலையிலும் இரவிலும் வரும். நடுப்பகல் முழுக்கச் சாலை திறந்திருக்கும், கடல் ஏறும் உயரமும் குறைவு. நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்பார்கள்; லிண்டிஸ்ஃபார்னுக்கு அதுதான் நல்ல நாள். ஆனால் தேதியைக் குறிக்க மட்டும்தான் இந்தக் கணக்கு. காரை எடுக்க கவுன்சில் அட்டவணைதான்.

அட்டவணையில் காலை 10.20 முதல் மாலை 5.40 வரை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5.40 என்பது தீவிலிருந்து கிளம்பும் நேரம் இல்லை, நீங்கள் மறுகரை ஏறியிருக்க வேண்டிய நேரம். ஊரிலிருந்து கார் நிறுத்தத்துக்குப் பெரியவர்களோடு கால் மணி நேரம் நடை. பேங்க் ஹாலிடேயில் எல்லோரும் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். நான்கரைக்குக் காரில் ஏறிவிடுங்கள். போகும்போதும் 10.20-க்கு முன் இறங்காதீர்கள். முன்னால் ஒரு கார் போகிறதே என்று பின்னாலேயே போவதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தக் கார்க்காரரும் யாரையாவது பார்த்துத்தான் போயிருப்பார்.

வருடா வருடம் கார்கள் மாட்டிக்கொள்வதற்குச் சாலையின் அமைப்பும் ஒரு காரணம். தீவிலிருந்து திரும்பும்போது சாலை நெடுநேரம் மணற்குன்றுகளின் ஓரமாகவே ஓடும். அங்கே தரை கொஞ்சம் மேடு. ரோடு காய்ந்து கிடக்கும், மனசும் நிம்மதியாக இருக்கும். தாழ்வான இடம் கடைசியில்தான் வரும். மறுகரைக்குப் பக்கத்தில் ஓர் ஓடையின் மேல் சின்னப் பாலம், அதை ஒட்டிக் கால்கள் வைத்து உயரத்தில் நிற்கும் வெள்ளை நிற மரக்கூண்டு. தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். பார்வைக்குக் கணுக்கால் அளவுதான் தெரியும், ஆனால் பக்கவாட்டில் இழுக்கும். உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள்ளோ மின் இணைப்புகளுக்குள்ளோ போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

அந்த மரக்கூண்டு வேடிக்கைக்கு இல்லை. மாட்டிக்கொண்டால் காரைக் காப்பாற்ற நினைக்காமல் எல்லோரும் அதில் ஏறி, 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேளுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் வெள்ளம், கடல்நீர் சேதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

அட்டவணையே ஒரு கணிப்புதான். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். ஆழமான தாழ்வழுத்தம் வந்து, வழக்கமான 1013-லிருந்து 980 மில்லிபாருக்கு இறங்கினால் அதுவே 30 சென்டிமீட்டரைத் தாண்டும். கடலிலிருந்து கரை நோக்கிப் பலத்த காற்றும் சேர்ந்தால் சாலை சீக்கிரம் மூடும், தாமதமாகத் திறக்கும். வானிலை எச்சரிக்கை இருந்தால் இரண்டு முனையிலும் ஒரு மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது நாளை மாற்றுங்கள்.

உங்கள் தேதிகளில் சாலை காலையும் மாலையும் மட்டும் திறந்திருந்தால் தயங்காமல் காலையில் போய், கடல் மூடியிருக்கும் நேரத்தைத் தீவிலேயே கழித்து மாலையில் திரும்புங்கள். சொல்லப்போனால் தீவைப் பார்க்க அதுதான் சிறந்த வழி. சாலை மூடியதும் ஒருநாள் கூட்டம் வடிந்து, சத்தம் அடங்கிவிடும். ஆனால் கடைகள் ஓதத்தைப் பார்த்துத் திறந்து மூடும். சைவச் சாப்பாட்டுக்கும் வழி குறைவு. புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள்.

தீவில் அம்மாவுக்கு மடாலய இடிபாடுகள் போதும். ஊருக்குள்ளேயே இருக்கிறது, ஏற்றம் இல்லை. 635-ல் துறவி எய்டன் மடாலயம் அமைத்த இடம், 793-ல் வைக்கிங்குகள் சூறையாடிய இடம். இன்று நிற்கும் சிவப்புக் கற்கள் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடத்தினுடையவை. கோபுரம் விழுந்த பிறகும் அதன் அடியில் இருந்த ஒற்றைக் கல்வளைவு மட்டும் அந்தரத்தில் வானவில் மாதிரி நிற்கிறது. கோட்டை ஊரிலிருந்து முக்கால் மைல், கடைசியில் கூழாங்கல் பாவிய செங்குத்துச் சரிவு. அது அப்பாவுக்கு. 1903 வாக்கில் அதை விடுமுறை வீடாக மாற்றியவர் லட்யன்ஸ், பிறகு புதுடெல்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ்தான். புகழ்பெற்ற லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடியைத் தீவில் தேடாதீர்கள். அது நீங்கள் ரயிலேறும் கிங்ஸ் கிராஸுக்குப் பக்கத்தில், பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது.

ஹேட்ரியன் சுவர் கி.பி. 122-ல் தொடங்கியது, 73 மைல் நீளம். முழுவதும் மதிலாக நிற்கும் என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான். பல இடங்களில் புல்மேடுதான் மிச்சம். எந்த இடத்தில் இறங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம். அம்மாவோடு போவதால் செஸ்டர்ஸ் கோட்டையைச் சொல்வோம். ஆற்றங்கரையில் சமதளம், ரோமானியக் குளியல் கூடத்தின் சுவர்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன, அருங்காட்சியகமும் அங்கேயே. சுவர் பாறை முகட்டில் ஏறி இறங்கும் அந்தப் பிரபலமான காட்சிக்கு ஸ்டீல் ரிக் கார் நிறுத்தம். இரண்டு நிமிட நடையில் கண்ணில் பட்டுவிடும். சுவரோரப் பள்ளத்தில் தனியாக நின்ற புகழ்பெற்ற சிக்கமோர் கேப் மரம் 2023 செப்டம்பரில் வெட்டப்பட்டுவிட்டது. அடிமரம் மட்டும் பார்க்க அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்துப் படிகளில் அம்மாவை இழுக்க வேண்டாம்.

ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்கு நுழைவாயிலிலிருந்து ஏறக்குறைய அரை மைல் மேடு. மேலே மாற்றுத்திறனாளிகளுக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்பா தனியாகப் போனாலும் தென்கிழக்கு மூலையில் உள்ள ரோமானியர் காலத்துப் பொதுக் கழிப்பறையை விடக்கூடாது. கோட்டையிலேயே தாழ்வான மூலை அது. மேலே பெய்த மழைநீர் முழுக்க வடிந்து அங்கே சேர்ந்து, ஆழமான சாக்கடையை அலசிக்கொண்டு வெளியேறும்படி கட்டியிருக்கிறார்கள். மரப் பலகை இருக்கைகள் போய்விட்டன, கல் வாய்க்கால் அப்படியே கிடக்கிறது.

டிக்கெட் விஷயத்தில் கவனம். செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ், தீவின் மடாலயம் மூன்றும் பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் வசம். தீவுக் கோட்டை நேஷனல் டிரஸ்ட் என்ற வேறோர் அமைப்பினுடையது. ஹவுஸ்டெட்ஸில் இரண்டு உறுப்பினர் அட்டையும் செல்லும். பக்கத்து ரோமானியக் கோட்டையான விண்டோலாண்டா தனி அறக்கட்டளையுடையது, அங்கே இரண்டும் செல்லாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் 9 நாள், 16 நாள் பாஸ் தருகிறது. அப்பா அம்மாவுக்கு அது கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்காது. ஸ்டோன்ஹெஞ்சும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம், இந்த மூன்று நாளுக்கு மட்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தங்க ஆனிக் ஊரைப் பாருங்கள். தீவுச் சாலைக்கு முக்கால் மணி நேரம், பஃபின் படகு கிளம்பும் சீஹவுஸஸ் அதைவிடப் பக்கம். லண்டனிலிருந்து முழுக்கக் காரில் வருவதைவிட நியூகாசில் வரை ரயிலில் (மூன்று மணி நேரம் போல) வந்து, அங்கே கார் எடுத்து, முதல் நாளே சுவரைப் பார்த்துவிட்டு ஆனிக் போவது பெரியவர்களுக்குச் சுலபம். ரயிலில் வலப்பக்கம் உட்கார்ந்தால் டரம் கதீட்ரல் தெரியும். நீண்ட வார இறுதிகளில்தான் தண்டவாள வேலையும் வைப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். திங்களன்று கார் திருப்பும் அலுவலகம் திறந்திருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஃபின்கள் கூடு கட்டும் ஃபார்ன் தீவுகளுக்கு மே கடைசி நல்ல பருவம். பஃபின்கள் ஜூலைக் கடைசிக்குள் கடலுக்குப் போய்விடும். அலை பெரிதாக இருந்தால் படகு ரத்தாகும், எனவே ஞாயிறு, திங்கள் இரண்டில் தீவுச் சாலைக்கு ஒத்துவராத நாளைப் படகுக்கு வையுங்கள். புக் செய்யும்போது படகு தீவில் இறக்கிவிடுமா, சுற்றி மட்டும் வருமா என்று கேளுங்கள். இறங்க நேஷனல் டிரஸ்டுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அம்மாவுக்குச் சுற்றி வரும் படகே போதும். துறைமுகப் படிகள் தண்ணீர் வற்றிய நேரத்தில் பாசி பிடித்து வழுக்கும், அதனால் ஏறும் இடத்தையும் கேட்டுவிடுங்கள். அப்பா இறங்குவதாக இருந்தால் பலகைப் பாதையை விட்டு விலக வேண்டாம், பஃபின் கூடுகள் மண்ணுக்குள் வளைகளில் இருக்கும். கூடு காக்கும் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் தலையில் நேராக வந்து கொத்தும். கெட்டியான தொப்பி ஒன்று பையில் இருக்கட்டும்.