வாசகர் கேள்வி பதில்: கிடங்கை மூடினா மட்டும் காணுமோ?

கேள்வி: எங்கட ஊரில பரவைக்கடலுக்குக் கிட்ட மண் அள்ளப் போகினமாம், முடிய கிடங்கை மூடி மரம் நட்டுத் தருவம் எண்டு சொல்லினம். அது காணும்தானே? அப்பா அங்கதான் இறால், நண்டு பிடிக்கிறவர்.
- அரியாலை வாசகி

பதில்: காணாது தங்கச்சி. மூடுறது கடைசி வேலை, மீனுக்குக் கேடு முதல் மழையோடயே வந்திடும். ஐப்பசி கார்த்திகையில அடிச்சு ஊத்தேக்க குவிச்சு வச்ச மண் கரைஞ்சு பரவைக்கடலுக்க இறங்கும், அது ஆழமில்லாத கடல், தண்ணி கலங்கினா அடியில நிக்கிற சாதாழைக்கு, அதுதான் கடற்புல்லுக்கு, வெளிச்சம் போகாது, பிறகு சேறு படிஞ்சு மூடிப்போடும், இறால் குஞ்சும், ஒட்டி, ஓரா எண்ட மீன்களும் வளருறதே அதுக்குள்ளதான், அது அழிஞ்சா அப்பாவுக்கு என்ன படும்? பூநாரையும் மற்ற வலசைப் பறவையளும் வாறது அதே மாதங்களிலதான். கரையில உப்புத்தண்ணிக்க நிக்கிற கண்டல் மரத்தை வெட்டிப்போட்டு சவுக்கு நட்டா அது ஈடாகாது.

அமெரிக்காவில நிலக்கரி கிண்டுறதுக்கு 1977இல ஒரு சட்டம் போட்டவை. கிண்ட முதலே அங்க என்ன மீன், என்ன மிருகம் இருக்கெண்டு எழுதிக் குடுக்கோணும், ஆற்றுக்கு 100 அடிக்குள்ள விசேஷ அனுமதி இல்லாமல் கை வைக்கேலாது, மேல்மண்ணைப் புறம்பா எடுத்து வச்சுத் திரும்பப் போடோணும், கரண்ட் கம்பியில பருந்து அடிபட்டுச் சாகாதபடி கட்டோணும் எண்டு கூட இருக்கு. பிணைப்பணமும் முதலே கட்டோணும், நிலம் திருந்தினாத்தான் காசு திரும்பும். எனக்கு இதிலதான் நம்பிக்கை, காசு மாட்டியிருந்தாத்தான் வேலை நடக்கும்.

இங்க 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின்ர அனுமதிப்பத்திரம் இல்லாமல் அள்ளேலாது. 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில இலங்கைக் குடிமக்கள் ஆரும் எழுதிக் கேக்கலாம், நீங்களும் உங்கட கடற்தொழிலாளர் சங்கமும் சேர்ந்து கேளுங்கோ: அனுமதிப்பத்திரக் கொப்பி, அதில உள்ள நிபந்தனை, நிலம் திருத்த எவ்வளவு காசு கட்டினவை, கண்டலில இருந்து எத்தினை அடி தள்ளி, எந்த மாதத்தில அள்ளுவினம், மண் கரையாமல் அணை எங்க போடுவினம். டிப்பர் வாறதுக்கு முதல் கேளுங்கோ, பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

கேள்வி: காங்கேசன்துறைப் பக்கம் பழைய சுண்ணக்கல் கிடங்குகளில தண்ணி நிக்குது. குப்பை போட்டு நிரப்பினா என்ன?
- தெல்லிப்பழை வாசகர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். எங்கட சுண்ணக்கல் முழுக்க ஓட்டையும் வெடிப்பும், நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மெல்லிசா மிதக்குது, கிடங்கில கொட்டுறது கிணத்துக்குத்தான் வரும். அதைக் குளமா விடலாம், ஆனா கரை செங்குத்தா நிண்டா கொக்கும் நாரையும் கால் வைக்கேலாது, தண்ணி குடிக்க இறங்கின மாடு ஏறேலாமல் செத்துப்போகும். ஒரு பக்கமாவது சரிச்சு, முழங்கால் அளவு தண்ணி நிக்கிற மாதிரி விடச் சொல்லுங்கோ, புல்லும் கோரையும் தானா வரும். திலாப்பியா கொண்டுபோய் விடாதேங்கோ, அது பெருகினா ஊர் மீன்களுக்கு இடமிருக்காது.