பன்றிக்காய்ச்சலா, வேறு காய்ச்சலா? சிஸ்டர் பதில்கள்

கூடலூர், பந்தலூர் பக்கத்து வாசகர்களின் கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவரின் பதில்கள்.

சிஸ்டர், சளிக்கும் பன்றிக்காய்ச்சலுக்கும் என்ன வித்தியாசம்? (சேரம்பாடி)

சளி மெதுவாக ஏறும். இது அப்படியில்லை, காலையில் கொழுந்து பறிக்கப் போனவர் மத்தியானம் நடுங்கிக்கொண்டே வந்து படுத்துவிடுவார். காய்ச்சல், வறட்டு இருமல், தொண்டை வலி, அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி. சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கும் சேரும். இருமல் இல்லாமல் கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவையும் பார்க்க வேண்டும். ஆளைப் பார்த்து மட்டும் யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல். டெஸ்ட் எடுக்கணுமா? (எருமாடு)

மூச்சு சிரமமில்லை என்றால் பெரும்பாலும் தேவையில்லை. ஓய்வும் பாராசிட்டமாலும் போதும். கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள், முதியவர்கள் மட்டும் காத்திருக்கக் கூடாது. இந்த வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள், அது வைரஸை ஒன்றும் செய்யாது.

மூன்று வயது மகனுக்குக் காய்ச்சல், இருமல். எப்போது பயப்படணும், அக்கா? (தேவாலா)

அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ணுங்கள். 40-ஐத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ உடனே மருத்துவமனை. உதடு நீலம் பாரித்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், 108. காய்ச்சல் விட்டு, இருமல் கூடித் திரும்பி வந்தாலும் விடாதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பன்றிக்கறி சாப்பிடலாமா? (அய்யன்கொல்லி)

நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். 2009-இல் உலகம் சுற்றிய எச்1என்1, அதாவது பன்றிக்காய்ச்சல் வைரஸ், ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் பரவியது.

அப்போ மானந்தவாடியில் பன்றிகளை ஏன் கொன்றார்கள்? கறிக்கடைக்காரர்களுக்காகப் பேசுகிறீர்களா? (அதே வாசகர்)

அது வேறு நோய், ஐயா. 2022-இல் வயநாட்டில் வந்தது ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல். அடுத்து நம் முதுமலைக் காட்டுப்பன்றிகளுக்கும் வந்தது. பன்றியைக் கொல்லும், மனிதரைத் தொடாது.

என் பண்ணையில் அதனால்தான் நஷ்டம். பெயரை வைத்தே எங்களை ஒழிக்கிறார்கள்! (பந்தலூர்)

உங்கள் கோபம் நியாயம். ஆனால் பன்றி செத்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், இரவோடு இரவாக ஆற்றில் தள்ளாதீர்கள். அய்யன்கொல்லிக்காரரோடு சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

சளிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? (கூடலூர்)

முதல் பதில்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், போடலாமா? (நெலாக்கோட்டை)

இன்னொரு முறையா! மருத்துவர் எழுதித் தந்தால் போடுங்கள்.

மகளை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்? (சேரம்பாடி)

மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்த பிறகு. அதுவரை பாட்டி பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள்.