டார்க்கிங் மேட்டில் நீல வண்ணத்துப்பூச்சிகள்

தம்பி, லண்டனில் இது உங்கள் முதல் கோடை, கார் இல்லை, மகளுக்குப் பூச்சிகள் என்றால் உயிர், எங்கே கூட்டிப்போவது என்று கேட்டிருந்தீர்கள். மேய்ச்சல் நிலத்தில் நாம் நடந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்றும்.

யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்ற ஊர்ப் பக்கத்தில் டென்பீஸ் ஹில்சைடு என்று ஒரு மேடு, இயற்கை இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குச் சொந்தம். நீல வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பேர்போன இடம். நடக்கக் கட்டணம் கிடையாது. நீங்கள் திறந்த கேட்டைச் சாத்திவிட்டு வந்தால் சரி. வாட்டர்லூவிலோ விக்டோரியாவிலோ ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து நல்ல ஏற்றம், குழந்தையோடு என்றால் டாக்ஸி பிடியுங்கள்.

ஆகஸ்ட் நடுவில், வெயில் நாளாகப் பார்த்துப் போங்கள். மேகம் மூடினால் வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் புல் தண்டில் ஒண்டிக்கொள்ளும்.

அடியில் இருப்பது சாக் என்னும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மேலே மெல்லிய, சத்தில்லாத மண். தெற்குப் பார்த்த சரிவு என்பதால் சீக்கிரம் சூடேறும். ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடிக்கு அதுதான் பிடிக்கும். சாக்ஹில் புளூ, அடோனிஸ் புளூ என்ற இரண்டு நீல வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கும் அந்தச் செடிதான் சாப்பாடு. புழு சுரக்கும் தித்திப்புக்காக எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்கும். 1953இல் மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கடிக்க ஆளில்லாமல் புல் உயர்ந்து நிலம் குளிர்ந்தது; பல மேடுகளில் அடோனிஸ் இல்லாமலே போனது. இப்போது அங்கே கால்நடை மேய விடுவது அதனால்தான். சாணத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்!

சொல்லப்போனால், முதலில் தேட வேண்டியதே சாணத்தையும் ஈரமண்ணையும்தான். ஆண்பூச்சிகள் உப்புக்காக அங்கே வந்து உட்காரும். மெதுவாகக் குனிந்தால் பறக்காது. சுருள் பிரிந்த குழலால் தரையைத் தடவி உறிஞ்சுவதை மகள் கண்ணெதிரே பார்க்கலாம். வெளிறிய வெள்ளிநீலம் என்றால் சாக்ஹில், பளீர் நீலம் என்றால் அடோனிஸ். இரண்டிலும் இறக்கையின் வெள்ளை ஓரத்தைக் கறுப்புக் கோடுகள் குறுக்கே வெட்டும். காமன் புளூ என்ற இன்னொரு நீலப்பூச்சிக்கு அந்தக் கோடுகள் இருக்காது. பெண்பூச்சிகள் பழுப்பு, கண்ணில் படுவது கொஞ்சம் கடினம்.

முழுக்கால் சட்டை போட்டுவிடுங்கள். உண்ணி இருக்கும், அது கடித்தால் லைம் என்ற தொற்றுநோய் வரலாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். வலை வேண்டாம், போன் கேமரா போதும்.

அவளுக்குப் பிடித்துப்போனால் அடுத்த மே கடைசியிலும் போங்கள். அடோனிஸ் வருஷத்தில் இரண்டு முறை பறக்கும். அப்போது வெட்ச் பூத்திருக்கும், அதன் இலையில் பெண்பூச்சி முட்டையிடுவதையும் பார்க்கக் கிடைக்கலாம்.