ஒண்டிக்குடித்தனம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. கனடாவில் ஒரு வெண்தலைக் கழுகின் கூட்டில் மூன்று கழுகுக் குஞ்சுகளோடு ஒரு பருந்துக் குஞ்சும் உட்கார்ந்திருக்கிறது. கழுகு அதற்கும் சேர்த்தே ஊட்டுகிறதாம். 'தாய்மைக்கு இனம் இல்லை' என்று கீழே எழுதியிருந்தார்கள். படம் ஒட்டுவேலையா? வெவ்வேறு பறவைகள் ஒரே கூட்டில் வாழ்வது உண்டா?

ம.

அன்புள்ள ம.,

ஒட்டுவேலையாக இருக்காது. 2017இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சிட்னி என்ற ஊரில் (ஆஸ்திரேலிய சிட்னி வேறு) அப்படியே நடந்தது. அந்தக் குஞ்சு சிவப்புவால் பருந்து. சிறகு முளைத்துப் பறக்கும்வரை அங்கேதான் வளர்ந்தது.

அது அங்கே எப்படி வந்தது என்பதைத்தான் படத்துக்குக் கீழே எழுதியவர் விட்டுவிட்டார். கழுகு அதை இரையாகத் தூக்கி வந்திருக்கும் என்பதே பறவை ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொன்ன விளக்கம். கூட்டில் உயிரோடு விழுந்த குஞ்சு பசியில் வாயைத் திறந்து கத்தியிருக்கிறது. கூட்டுக்குள் திறந்த வாயைக் கண்டால் பெரிய பறவைக்கு ஊட்டத்தான் தோன்றும். யார் பெற்ற வாய் என்று பார்க்காது. இலையில் விழ வேண்டியது பந்தியில் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

குயில்கள் பிழைப்பதே இந்தப் பலவீனத்தை நம்பித்தான். காக்கைக் கூட்டில் பொரிக்கும் ஆசியக் குயிலாவது பரவாயில்லை, காக்கைக் குஞ்சுகளும் கூடவே வளர்வதுண்டு. ஐரோப்பாவில் குக்கூ என்று கூவுகிற இனம் அப்படியில்லை. பொரிந்து ஓரிரு நாள்கூட ஆகாத குஞ்சு, கண் திறந்திருக்காது, உடம்பில் ஒரு இறகு இருக்காது. முதுகில் மட்டும் ஒரு குழிவு. பக்கத்து முட்டையை அந்தக் குழிவில் ஏற்றி, கால்களைக் கூட்டின் சுவரில் ஊன்றி, பின்பக்கமாகவே ஏறி வெளியே தள்ளும். அப்புறம் அடுத்த முட்டை. அந்த வீடியோவைப் பார்த்த இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, தெரிந்தே சேர்ந்திருப்பது கிடையாதா? உண்டு. ஆனால் அது குடும்பமல்ல, ஒண்டிக்குடித்தனம். செங்கால் நாரையின் பெரிய குச்சிக் கூட்டின் இடுக்குகளில் சிட்டுக்குருவிகள் தனியாகக் கூடு வைக்கும். நாரை கண்டுகொள்ளாது.

எனக்குப் பிடித்த உதாரணம் தென் ஆப்பிரிக்கக் கலகாரிப் பாலைவனத்தில் இருக்கிறது. அங்கே தூக்கணாங்குருவியின் உறவுக்காரக் குருவி ஒன்று, வைக்கோல்போரைத் தூக்கி மரத்தில் வைத்த மாதிரி கூட்டமாகக் கூடு கட்டும். பெரிய கூட்டில் நூறு அறைகளுக்கு மேல்கூட இருக்கும். வாசல்கள் எல்லாம் அடிப்பக்கம். அதில் ஒரு அறையைப் பிடித்துக்கொண்டு குள்ள வல்லூறு முட்டையிடும். வாடகை கிடையாது. போதாக்குறைக்கு எப்போதாவது வீட்டுக்காரரின் குஞ்சையே தின்றுவிடும். குருவிகள் அதற்காகக் காலி செய்வதில்லை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எது வல்லூறின் அறை என்று தெரிந்துவிடும். அந்த வாசலைச் சுற்றி மட்டும் எச்சம் சுண்ணாம்பு போல அப்பியிருக்கும்.