மாம்பழமும் ஆமை வயிறும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஆமை பற்றித்தான். பாலக்காட்டு எல்லையிலிருந்தும் மறையூர் மலைப்பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள்.

எங்க சல்காட்டா ஆமை தோப்பில் விழுகிற மாம்பழத்தை ஆசையாகத் தின்கிறது. ஒரு வாரமாக நீராகக் கழிகிறது, நாற்றம் தாங்கவில்லை. மாத்திரை ஏதாவது சொல்லுங்க டாக்டர்.
(முதலமடை வாசகர்)

முதலமடையில் இருப்பவரிடம் மாம்பழம் கொடுக்காதீர்கள் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனால் உங்கள் ஆமையின் பூர்வீகம் சகாராவின் தெற்கு விளிம்பு. காய்ந்த புல்லைத் தின்று வாழ்கிற இனம். நாரைச் செரிக்கும் வேலை அதன் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகளுடையது. பழச்சர்க்கரை அங்கே போனால் அவற்றின் சமநிலை குலையும், வேண்டாத ஒற்றைச்செல் உயிரிகள் பெருகும், வாயு சேரும், கழிச்சல் வரும். ஆசையாகத் தின்கிறது என்பதால் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று ஆகாது.

மாத்திரை வேண்டாம். பழத்தை அடியோடு நிறுத்துங்கள். பத்து நாளைக்கு அருகம்புல்லும் காய்ந்த தீவனப்புல்லும் மட்டும் போதும். பிறகு செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி என்று சேர்க்கலாம். குடிக்கத் தட்டையான பாத்திரத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மாமரத்துக்கு மருந்தடித்த தோப்பின் புல்லை மட்டும் அறுத்துப் போடாதீர்கள். புல்லுக்கு மாறிய மூன்று நாளில் கழிச்சல் நிற்கவில்லை, அல்லது ஆமை சோர்ந்து கிடக்கிறது என்றால், அன்றைய சாணத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு ஆமையோடு மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, சல்காட்டா சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம். அப்படிப்பட்ட விலங்குகளை வளர்ப்பவர்களுக்கான 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்தீர்களா?

எட்டு நாளாக வெளிக்குப் போகவில்லை. தோட்டத்தில் கழிக்கிற முட்டைக்கோஸ், கேரட்தான் கொடுக்கிறோம். விளக்கெண்ணெய் ஊற்றலாமா?
(காந்தளூர் வாசகி)

ஊற்றவே ஊற்றாதீர்கள் அம்மா. மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

காய்கறியை விட உங்கள் ஊர்க் குளிர்தான் எனக்கு முதல் சந்தேகம். மார்கழியில் இட்லி மாவு பொங்காமல் அப்படியே கிடக்குமே, ஆமை வயிறும் அப்படித்தான். அதற்கென்று சொந்த உடற்சூடு கிடையாது. வெளிச்சூடு குறைந்தால் குடல் அசைவும் குறையும், தின்றது உள்ளேயே நிற்கும். பகலில் கூண்டின் ஒரு மூலையாவது 32 டிகிரி இருக்கட்டும். வெயில் கிடைக்காத நாளில் சூடு தரும் பல்பு மாட்டுங்கள். இரவில் வெறும் சிமெண்ட் தரையில் விடாதீர்கள். மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, சூட்டோடு வையுங்கள்.

வெதுவெதுப்பான தண்ணீரை ஆமையின் கழுத்துக்குக் கீழே நிற்கும் அளவுக்கு ஒரு தொட்டியில் விட்டு, தினமும் 20 நிமிடம் உட்கார வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள். பெரும்பாலும் தொட்டியிலேயே வெளிக்குப் போய்விடும். முட்டைக்கோஸைத் தினசரி உணவாக்க வேண்டாம், தைராய்டு வேலையைக் கெடுக்கும். கேரட்டில் சர்க்கரை அதிகம், வாரத்தில் ஒரு துண்டு போதும்.

முக்கிக்கொண்டே இருந்தால், பின்னங்கால் இழுத்தால், ஏதாவது சிவப்பாக வெளியே தள்ளினால் காத்திருக்கக் கூடாது. கல்லோ, முட்டையோ அடைத்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். வெளியே தள்ளிய பாகத்தை ஈரத்துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள்.

சாணத்தில் வெள்ளை நூல் போல நெளிகிறது. ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி வீட்டில் இருக்கிறது, கொஞ்சமாகப் போடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

கூடாது. ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். மூளை நரம்புகளைத் தாக்கும், பக்கவாதம் வரும், செத்தும் போகும். ஆடு, மாடு தாங்குகிற மருந்து என்பது இங்கே செல்லாது. சொட்டு அளவு என்றாலும் வேண்டாம்.

நீங்கள் பார்த்தது அநேகமாக ஊசிப்புழு. ஆமைகளில் சகஜம், கொஞ்சம் இருந்தால் கெடுதல் இல்லை. சாணத்தைப் பரிசோதித்து, எண்ணிக்கை அதிகம் என்றால் மருத்துவர் ஆமையின் எடையைப் பார்த்து ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுப்பார். அந்த அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை, எடை போடாமல் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சிறுநீரோடு வெள்ளையாகக் கூழ் போல வருகிறது. சீழா?
(வேலந்தாவளம் வாசகி)

சீழ் இல்லை, யூரேட் என்ற கழிவு உப்பு. கூழ் போல இருந்தால் கவலை இல்லை. மணல் போல நறநறத்தால் தண்ணீர் போதவில்லை, பின்னால் மூத்திரப்பையில் கல்லாகும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் ஆமையைத் தண்ணீரில் உட்கார வைப்பதைத் தவறவிடாதீர்கள். நாய்த்தீனி, முட்டை ஏதாவது கொடுக்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். அதிகப் புரதம் சிறுநீரகத்தைப் படுத்தும்.

கடலை வயலில் நட்சத்திர ஆமை ஒன்று கிடைத்தது. குழந்தைகள் வளர்க்க ஆசைப்படுகிறார்கள். என்ன தீனி?
(கோவிந்தாபுரம் வாசகர்)

தீனி சொல்ல மாட்டேன் தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைப்பதே குற்றம். கடத்தல்காரர்கள் குறிவைக்கிற இனம், 2019-ல் சர்வதேச வணிகமும் முழுக்கத் தடை செய்யப்பட்டது. அடிபடாமல் இருந்தால் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். குழந்தைகளைச் சின்னாறு சரணாலயத்துக்குக் கூட்டிப்போங்கள், அந்த முட்காடு அதற்கு வீடு.

கீரை நிறையக் கொடுக்கிறோம், ஆனாலும் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறது. கல்லையும் விழுங்குகிறது.
(சித்தூர் வாசகி)

சுண்ணாம்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நீங்கள் கொடுப்பது பாலக், தண்டுக்கீரை என்றால் அவற்றில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள், தீனியில் கிடைக்கிற சுண்ணாம்புச்சத்தையும் உடலில் சேர விடாது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், கணவாய் மீனின் ஓடு. ஒரு துண்டைக் கூண்டில் போட்டுவிட்டால் வேண்டியபோது அதுவே கடித்துக்கொள்ளும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது, வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை வெயிலில் முற்றத்தில் விடுங்கள், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். முற்றத்துக் கல்லை முதலில் கூட்டித் தள்ளிவிடுங்கள்.