“எனக்குக் கடல் காட்ட வாறியா?”

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 54. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். அரச அலுவலகம் ஒன்றில் கணக்குப் பகுதிக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கடந்த மார்கழியில் வவுனியாவில் இருந்து மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லோரையும் நிலாவெளிக் கடலில் இருக்கும் புறாத்தீவுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னேன். உயர்தரம் படிக்கும் மகன், “அப்பா, இது வாடைக்காலம், படகு விடமாட்டாங்கள்” என்றான். நான் முன்பு ஒருமுறை மார்கழியில் போய் வந்திருக்கிறேன். “எனக்குக் கடல் காட்ட வாறியா?” என்று எல்லோருக்கும் முன்னால் அவனைப் பேசிவிட்டேன். நிலாவெளிக்குப் போய்ப் பார்த்தால் ஒரு படகும் இறக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் படகுக்காரரைக் குறை சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து மகன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். மனைவி எதற்கெடுத்தாலும் “நீங்கள் சொன்னால் சரிதான்” என்றுவிட்டுக் குசினிக்குள் போகிறார். அலுவலகத்தில் நான் உள்ளே வந்தால் கதை நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோயிலுக்குப் போகிறேன், விரதமும் பிடிக்கிறேன். ஆனாலும் ‘பெரும்பாலும் நான் சொல்வது சரியாகத்தானே இருக்கிறது’ என்ற எண்ணம் போகவில்லை. இந்த வயதில் மாற முடியுமா?
— பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: அன்புள்ள தம்பி, முடியும். திரும்பும் வழியில் படகுக்காரரைக் குறை சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. நீங்களாகவே எழுதினீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் அந்த வரியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

உங்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குடும்பநல மருத்துவிச்சியாக வேலை செய்தேன். குழந்தைக்கு நாலு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மற்றச் சாப்பாடு என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான தாய்மாருக்கு அதையே சொன்னேன். 2001 இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முழுவதும் தாய்ப்பால் மட்டும் போதும் என்று பரிந்துரைத்தது. சில வருடங்களில் அது எங்கள் கிளினிக்குகளுக்கும் வந்தது. வந்த சுற்றறிக்கை என் மேசையில்தான் கிடந்தது. நான் வாசிக்கவில்லை.

ஒரு நாள் கிளினிக்கில் தராசைக் கொளுவிப் பிள்ளைகளை நிறுத்துக்கொண்டிருந்தோம். நாலு மாதப் பிள்ளையோடு வந்த ஒரு தாய்க்கு, “இனி அரிசிக் கஞ்சி தொடங்கலாம்” என்றேன். பக்கத்தில் பதிவேட்டில் நிறையை எழுதிக்கொண்டிருந்த இளம் மருத்துவிச்சி பேனையை நிறுத்திவிட்டு, “அக்கா, இப்ப ஆறு மாதம்” என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு முகம் சுட்டது. “நீ பிறக்கிறதுக்கு முதலே நான் பிள்ளைகளை நிறுத்தவள்” என்று அந்தத் தாய்க்கு முன்னாலேயே சொன்னேன். அவள் குனிந்து மறுபடி எழுதத் தொடங்கினாள். காது மட்டும் சிவந்திருந்தது. இன்றைக்கும் அந்தக் காது என் கண்ணில் நிற்கிறது.

ஒரு கிழமைக்குப் பிறகு சுற்றறிக்கையை வாசித்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்கில் இருந்து ‘ஆறு மாதம்’ என்று நானும் சொல்லத் தொடங்கினேன், எனக்கு எப்போதுமே தெரிந்திருந்தது போல. சில மாதங்களில் அவளுக்குக் கிண்ணியாப் பக்கம் இடமாற்றம் கிடைத்தது. என் மனம் ஆறவில்லை. 2009 இல் பாலம் திறப்பதற்கு முந்திய காலம் அது. ஒரு சனிக்கிழமை பாதைப் படகுக்காகக் காத்துக் கிடந்து, ஏறி, அக்கரையில் அவளுடைய வீட்டைத் தேடிப் போனேன். “தங்கச்சி, அன்றைக்கு நான் சொன்னது பிழை, உன்னைப் பேசினதும் பிழை” என்றேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் தந்துவிட்டுக் கேட்டாள்: “பரவாயில்லை அக்கா. அந்தத் தாய்க்குச் சொன்னீங்களா?”

சொல்லவில்லை. அந்தத் தாயைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை. என் மனப்பாரத்தை இறக்கி வைக்கத்தான் கடல் தாண்டிப் போயிருக்கிறேன். நான் சொன்ன பிழை இன்னொரு வீட்டுக் குசினியில் கஞ்சியாகக் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. திங்கட்கிழமை அந்த வீட்டுக்கும் போனேன்.

இவ்வளவையும் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், மகனிடம் தனியாக “சரி, விடு” என்று சொன்னால் போதும் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நீங்கள் அவனைப் பேசியது மைத்துனருக்கு முன்னால், அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால். உங்கள் பிழை அந்த வீடுவரை போயிருக்கிறது. திருத்தமும் அங்கே போய்ச் சேர வேண்டும். படகுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது, ‘பெரும்பாலும் நான் சொல்வது சரி’ என்கிற எண்ணம். உண்மையாகவே இருக்கலாம். கணக்கில் இத்தனை வருடம் இருந்தவர் நீங்கள். ஆனால் சரியாக இருப்பவரும் தலைக்கனத்தால் கெட்டுப்போவார். என் தொழிலில் இருந்தவர்கள் மறக்கக் கூடாத ஒரு மருத்துவரின் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1840களில் அவர் வேலை செய்த வியன்னா ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த விடுதியில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். மருத்துவிச்சிகள் பார்த்த விடுதியில் அது பாதியைவிடவும் குறைவு. பிரேத அறையில் இருந்து வரும் கைகள்தான் காரணம் என்று கண்டுபிடித்து, 1847 இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. பெரிய மருத்துவர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். எங்கள் கையா அழுக்கு என்ற கோபம் அவர்களுக்கு. அது அவர்களின் கர்வம். ஆனால் செம்மல்வைஸும் தன் ஆதாரங்களை விரிவாக எழுதி வெளியிட 1861 வரை எடுத்தார். சந்தேகப்பட்டவர்களைக் கொலைகாரர் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதித் திட்டினார். சரியான விஷயம், சொன்ன விதத்தால் இன்னும் பிந்தியது. இடையில் இறந்த தாய்மாரை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

உங்கள் மார்கழிப் பயணத்துக்கு வருகிறேன். இன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒன்று செய்து பார்க்கலாம். 1960 இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு அது. 2, 4, 6 என்ற மூன்று எண்களும் ஒரு விதிக்குள் அடங்கும். வேறு மூன்று எண்களைச் சொல்லிச் சொல்லி அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் ஆம், இல்லை என்பார். பலர் 8, 10, 12 என்றார்கள். ஆம். 20, 22, 24. ஆம். “இரண்டு இரண்டாகக் கூடுகிறது” என்று நிச்சயமாகச் சொன்னார்கள். பிழை. ஒவ்வொரு எண்ணும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தால் போதும், அவ்வளவுதான் விதி. 1, 2, 3 என்று ஒரு தரம் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். தங்கள் எண்ணம் பிழையாக இருந்தால் அதைக் காட்டிக் கொடுக்கக்கூடிய எண்களை அவர்கள் கேட்கவே இல்லை.

நீங்கள் ஒருமுறை மார்கழியில் போய் வந்தது உங்களுடைய 8, 10, 12. கடல் அடங்கிக் கிடந்த ஏதோ ஒரு நாள் வாய்த்திருக்கிறது. வாடை அடிக்கும் மாதங்களில் எத்தனை நாள் படகு இறக்காமல் கரையில் கிடக்கிறது என்று நீங்கள் யாரிடமும் கேட்கவில்லை. மகன் கேட்டிருக்கிறான் போலிருக்கிறது, அல்லது கேட்டவர்களோடு பழகியிருக்கிறான்.

அதனால் பழக்கம் என்று ஒன்றே ஒன்றைத்தான் முதலில் சொல்வேன்: பதிலுக்கு முன் ஒரு கேள்வி. வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் உங்களுக்கு மாறாக ஒன்றைச் சொன்னால், “அதை எப்படி அறிந்தீர்கள்?” என்று கேளுங்கள். குரலைக் கவனியுங்கள். விசாரணைக் குரலில் கேட்டால் அதுவும் பேச்சு வாங்குவது போலத்தான் கேட்கும். கேட்டுவிட்டு அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். முதல் நாட்களில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பதில் நாக்கு நுனியில் நிற்கும். மருத்துவிச்சி வேலையில் நாடி பிடித்து எண்ணும்போது நாங்கள் கதைக்க மாட்டோம், கதைத்தால் எண்ணிக்கை தவறிவிடும். மற்றவர் பேசும்போது நான் இன்றும் மணிக்கட்டில் விரல் வைத்தது போல நினைத்துக்கொள்கிறேன். எனக்கு அது உதவுகிறது.

அலுவலகத்தில் உண்மையாகவே தெரியாத ஒன்று வரும்போது “எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்” என்று இளையவர் ஒருவரிடம் கேளுங்கள். தெரிந்ததைத் தெரியாதது போல நடிக்க வேண்டாம், அதை ஆட்கள் கெதியாய்ப் பிடித்துவிடுவார்கள். கணக்கில் உங்களுக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றே சொல்லுங்கள், ஏன் என்ற காரணத்தையும் சேர்த்து.

கோயிலை விடச் சொல்ல மாட்டேன். கோயில் மலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்குக் கர்வத்தின் கதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சந்நிதியில் விழுந்து எழும்போது மனம் இளகுகிறதே, அந்த இளக்கம் மலையை விட்டு இறங்கி, கோட்டை வாசல் தாண்டி, வீடு வரும்வரை நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள், ஒரு முடிவு அவருடையதாகவே நடக்கட்டும். “நீங்கள் சொன்னால் சரிதான்” என்பது அவர் களைத்துப்போய்ச் சொல்வது. பல வருடத்துக் களைப்பு. நீங்கள் நாலு நாள் மாறி நடந்ததும் அவர் மனம் திறந்து கதைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். “நான் மாறிட்டேனா?” என்று கேட்கவும் வேண்டாம்.

மகனிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கடலையே கேட்கலாம். வாடைக்காற்று எப்போது எழும்பும், சோளகக் காற்று எப்போது, கச்சான் காற்று அடித்தால் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நிலாவெளியில் படகு வைத்திருப்பவர்கள் நாள் தவறாமல் பார்க்கிறார்கள். ஒரு பின்னேரம் அவனோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போய் அந்தக் கரையில் இருங்கள். அவன் கதைக்கட்டும், படகுக்காரர் கதைக்கட்டும். அன்றைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையை அவரிடம் அங்கேயே சொல்லிவிடலாம். சித்திரை கழிந்து கடல் அடங்கியதும் மைத்துனர் குடும்பத்தை மறுபடி கூப்பிடுங்கள். நாளை மகன் பார்த்துச் சொல்லட்டும்.

அதற்கு முன் இன்றிரவு மைத்துனருக்குப் போன் எடுங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போது, ஸ்பீக்கரில் போட்டு. “அன்றைக்குப் பெடியன் சொன்னதுதான் சரி. நான் கேட்காமல் அவனைப் பேசினேன். படகுக்காரரிலும் பிழை இல்லை” என்று, இந்த மூன்றையும் சொல்லுங்கள். மைத்துனர் நல்ல மனிதராக இருந்தால் பாதியிலேயே “ஐயோ அத்தான், அதெல்லாம் இப்ப எதுக்கு, விடுங்கோ” என்பார். அங்கே நிறுத்திவிடாதீர்கள். மூன்றையும் முழுதாகச் சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.

அன்புடன்,
அக்கா