கன்கரன்ட் புரோகிராமிங்கை மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும் நிரலை எழுதுவதுதான் கன்கரன்ட் புரோகிராமிங். அதைச் செமஃபோரில் (ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே போகலாம் என்று எண்ணிக் கட்டுப்படுத்தும் கருவி) தொடங்குவதா, பக்கத்தில் இருப்பவருடன் முள்கரண்டியைப் பங்கிட்டுச் சாப்பிட வேண்டிய சாப்பாட்டு மேசைத் தத்துவஞானிகள் புதிரில் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். அந்தப் புதிர் 1965-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா மாணவர்களுக்குப் போட்ட தேர்வுக் கேள்வியிலிருந்து வந்தது. முதல் வகுப்பிலேயே அதை அவிழ்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு முள்கரண்டி மட்டும்தான் நினைவில் நிற்கும்.

பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் இந்தப் பாடம் எடுக்கிறேன். நான் தொடங்குவது ஒரே ஒரு மாறியில். இரண்டு த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டங்கள்), ஒவ்வொன்றும் அந்த மாறியில் ஒரு மில்லியன் தடவை ஒன்றைக் கூட்டும். இரண்டு மில்லியன் வர வேண்டும், வராது. (சி மொழியில் ஓ2 என்ற வேகப்படுத்தும் தெரிவைப் போட்டுக் கம்பைல் செய்துவிடாதீர்கள். கம்பைலர் லூப் முழுவதையும் ஒரே கூட்டலாகச் சுருக்கிவிடும். விடை சரியாக வந்து, வகுப்பில் மானம் போகும்.)

ஒன்று கூட்டுவது உண்மையில் மூன்று வேலை: படி, கூட்டு, எழுது. இதை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, "ஆகக் குறைந்தது எவ்வளவு வரலாம்?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரு மில்லியன் என்பார்கள். விடை 2.

முதல் த்ரெட் 0 என்று படித்துவிட்டு நின்றுவிடுகிறது. இரண்டாவது, கடைசிச் சுற்று ஒன்றை மட்டும் மிச்சம் வைத்து மற்றதையெல்லாம் முடிக்கிறது. இப்போது முதலாவது விழித்து 1 என்று எழுதுகிறது. மற்றதன் உழைப்பு அத்தனையும் போச்சு. இரண்டாவது அந்த 1-ஐப் படித்துவிட்டு நிற்கிறது. முதலாவது தன் மீதிச் சுற்றுகளை ஓடி முடிக்கிறது. கடைசியில் இரண்டாவது, கையிலிருந்த 1-உடன் ஒன்றைக் கூட்டி 2 என்று எழுதிவிட்டுப் போகிறது.

இதைப் பலகையில் தாங்களே நகர்த்திப் பார்த்தவர்களுக்கு லாக் என்ற பூட்டு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. "சார், மூணு வேலையும் முடியறவரைக்கும் இன்னொண்ணு உள்ள வராம தடுக்க முடியாதா?" என்று அவர்களே கேட்பார்கள்.

அடுத்த தொல்லை, பிழை தேட, நடுநடுவே மதிப்பைத் திரையில் காட்டும் பிரின்ட் வரி போடுவது. பிரின்ட் போட்டதும் நேரக்கணக்கு மாறிப் பிழை ஒளிந்துகொள்ளும். ஸ்லீப் (சற்று நேரம் நிற்கச் சொல்லும் கட்டளை) போட்டுவிட்டு "சரியாயிடுச்சு சார்" என்று வருகிறவர்களுக்குத் தெராக்-25 கதையைச் சொல்வேன். 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்த சிகிச்சை இயந்திரம் அது. அதிலிருந்த பிழைகளில் ஒன்று, ஆபரேட்டர்கள் பழகிப்போய் விசைகளை வேகமாகத் தட்டியபோதுதான் வெளியே வந்தது. எங்கள் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு இங்குள்ள தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸ் ஆலைகளில் இயந்திரங்களுக்கு நிரல் எழுதப் போகிறவர்கள், அதனால் இதை விடுவதில்லை. அப்புறம், த்ரெட்கள் இப்படி மோதிக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் கோ மொழியின் ரேஸ் டிடெக்டரை ஓட்டிக் காட்டலாம்.

தேர்வில் நிரல் எழுதச் சொல்வதைக் குறைத்துவிட்டேன். ஒரு தவறான விடையைக் கொடுத்து, எந்த வரிசையில் ஓடினால் இது வரும் என்று எழுதச் சொல்கிறேன். திருத்தத்தான் நேரம் பிடிக்கிறது.